சாவி தருவதற்கு முன்

மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முகப்பு விளக்குகள் அணைந்து கணவன் செத்துப்போன பிறகு, சகாயராணி ஜீப்பை விற்க ஒத்துக்கொண்டாள். ஆனால் வயரிங்கை மாற்றாமல் சாவியைத் தரமாட்டேன் என்றாள்.

“நான் பகல்ல மட்டுந்தான் ஓட்டுவேங்க்கா” என்றான் வாங்க வந்த சடையப்பன்.

“அவரும் பொழுதோட வந்துடுறேன்னுதான் போனாரு.”

பட்டறையில் எலக்ட்ரீஷியன் இப்ராகிம் கருகிய சுவிட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். விளக்குக்கான கரண்ட் முழுவதும் இது வழியாகவே போனதால் சூட்டில் உருகிவிட்டது, இனி அந்தப் பாரத்தை ரிலே தாங்கிக்கொள்ளும் என்றான். “ரெண்டு லைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு எரியும். மொத்தமா இருட்டாயிடாது.”

“இது எவ்வளவு நேர வேலை?”

“அரை நாள்” என்றவன், சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோலக் குனிந்து டேப் சுற்றத் தொடங்கினான்.

சுவிட்ச் அவள் உள்ளங்கையில் கிடந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். பசிதான் எடுத்தது.

வேலை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி, அவளை முன்னால் நின்று பார்க்கச் சொன்னார்கள். வெளிச்சம் அவள் சேலையெல்லாம் வெள்ளையாக விழுந்தது.

“எரியுது” என்றாள்.

சாவியை வாங்கியிருந்த சடையப்பன் வண்டியைக் கிளப்பினான். “தள்ளிக்குங்கக்கா.”

அவள் நகரவில்லை. அவன் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தான். பிறகு எஞ்சினை மட்டும் அணைத்துவிட்டு, விளக்குகளை எரியவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.