கோட்டைக்குள் ஒரு வீடு

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தரையில் கரித்துண்டால் பட்டணம் வரைந்துகொண்டிருந்தாள் பூமாரி. விளையாட்டில் அவள் ராணி. அப்பா சங்கையா, அவள் பட்டணத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த குடியானவர்.

“கொல்லர் தெரு, நெசவுத் தெரு, யானைக்காரர் தெரு. உமக்கு எங்க வீடு வேணும்?”

“யானைக்காரர் தெருவுல குடுங்க ராணி. நாங்க ரெண்டே பேருதான்.”

வாசலில் கங்காணி செருமினார். “எஸ்டேட்டு வேலை உன் சம்சாரத்துக்குத்தான், சங்கையா. அவளே போயிட்டா; இனி வீட்ட எப்படி விட்டுவைப்பாங்க? சாவியக் குடுப்பா.”

சங்கையா மூட்டையைத் தலையில் ஏற்றினார். “எந்திரி தாயி, போவோம்.”

“இருங்கப்பா, இன்னும் சட்டம் சொல்லல.” தெருக்களைச் சுற்றிக் கோட்டைச்சுவர் இழுத்தாள் பூமாரி. “இந்தப் பட்டணத்துல அம்மா செத்துப்போனாலும் வீட்டக் கேக்க மாட்டாங்க.”

“அந்த ஊருக்கு எந்த பஸ்ஸுல ஏறணும், ராணி?” என்றார் சங்கையா.