கோபாலா, பாஸ்கலா?

இரண்டு பொட்டலத்திலும் மருது சிவப்பு அரளியையே வைத்து மடித்தான். வெள்ளை நந்தியாவட்டை அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சாமியையே ஏய்க்கத் துணிந்தவன் முதலாளியை விடுவானா?

முதலாளி நல்லகாமனுக்குக் காளவாசலில் பஸ் கம்பெனி. மெட்ராஸில் எவனோ தள்ளிவிட்ட கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்ததென்று லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். 1986இல் மதுரையில் சொல்லிக்கொடுத்த இடமெல்லாம் டாஸ். இந்த மிஷினிலோ சி.பி.எம். கட்சி இல்லை, மிஷினை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரே அதுதான்.

அதில் பஸ் டைம் அச்சடித்துத் தர ஓர் ஆள் வேண்டும். வந்ததோ இரண்டு பேர், இருவரும் டவுன்ஹால் ரோட்டில் ஒரே கிளாஸில் கோபால், பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் பாஷைகளைப் படித்தவர்கள்.

"கோபால்ல எழுதுனா கண்ண மூடிக்கிட்டு ஓடும் முதலாளி" என்றான் மருது.

"பாஸ்கல் முன்னாடி கோபால் நிக்காது முதலாளி" என்றாள் தங்கப்பொண்ணு.

ஒரு வாரம் ஆளுக்கொரு வேளையாக மிஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே வந்தால் இதே சண்டை. நல்லகாமனுக்குத் தலை கிறுகிறுத்தது.

"உசிலம்பட்டி வரைக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைப் பாக்க ஊரே வந்து நிக்கும், மானம் போயிரக் கூடாது. பூப் போட்டுப் பாத்துருவோம். சாமி சொல்ற ஆளு மிஷினுக்கு, மத்த ஆளு டிக்கெட் ஆபீசுக்கு."

யாரும் குறை சொல்லக் கூடாதென்று, பொட்டலம் மடிக்க மருது, தட்டைச் சுமக்கத் தங்கப்பொண்ணு என்று பிரித்தும் கொடுத்தார்.

முனியாண்டி கோயில் வாசலில், "கால் கழுவிட்டு வாரேன்" என்று தங்கப்பொண்ணு தட்டோடு பின்பக்கக் குழாய்க்குப் போய் வந்தாள். நந்தியாவட்டைச் செடி ஈரம் அவள் முந்தானையில் ஒட்டியிருந்தது.

"பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்டார் பூசாரி சுருளி.

"பொண்ணு இல்லப்பா, கம்ப்யூட்டரு."

சுருளி அதற்கும் சூடம் ஏற்றினார்.

நல்லகாமன் சத்தமாக வேண்டினார். "அய்யா முனியாண்டி, வெள்ளை வந்தா மருதோட கோபாலு. சிவப்பு வந்தா தங்கப்பொண்ணோட பாஸ்கலு."

மருது நிம்மதியாகக் கும்பிட்டான். ஆமாம், இரண்டிலும் சிவப்பை வைத்த அதே மருதுதான்.

சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பிள்ளை தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. நல்லகாமன் பிரித்தார்.

வெள்ளை.

"மருது, ஜெயிச்சுட்டடா. வெள்ளிக்கிழமை நீதான் ஊருக்கு ஓட்டிக் காட்டுற."

 மருது சட்டைப் பையைத் தடவினான். அவன் ஒளித்த பூ அங்கேயேதான் இருந்தது. முதலாளி பொங்கல் வாங்கப் போனதும் தங்கப்பொண்ணை ஓரமாகக் கூப்பிட்டான்.

"நான் ரெண்டுலயும் சிவப்பைத்தானே வச்சேன்?"

"குழாயடியில பிரிச்சுப் பாத்து நானே அசந்துட்டேன். ரெண்டுலயும் வெள்ளைய வச்சது நான்தான். உங்களுக்கு எதுக்குண்ணே நான் ஜெயிக்கணும்?"

மருது குரலைத் தாழ்த்தினான். "டாஸ்ல எழுதுன என் கோபால் பிளாப்பி அந்த மிஷின்ல ஒரு வரிகூட ஓடல தங்கம். அம்புட்டுப் பீத்திக்கிட்டு எப்படிச் சொல்றது? சாமி சொல்லித் தோத்தா கௌரவமா டிக்கெட் ஆபீசுக்குப் போயிரலாம்னு பாத்தேன். ஆமா, நீ எதுக்கு எனக்கு விட்டுக்குடுத்த? உன் பாஸ்கல்தான் பறக்குதே."

தங்கப்பொண்ணு கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளி இலை நிறையப் பொங்கலோடு சிரித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"என் பாஸ்கலும் ஓடலண்ணே."