எட்டு மெஷினிலும் டிங்

"இது ஆபீஸா, ஐஸ் வண்டியா சார்? காலையிலேர்ந்து டிங் டிங்னு காதே போயிடுச்சு!"

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சிஸ்டம்காரர் உள்ளே காலை வைப்பதற்குள் ரெண்டாவது சீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தார்கள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்கும் ஆபீஸ் அது. எட்டு பேர், எட்டு மெஷின். ஓடுகிற பேச்சை நிறுத்த, அவர்களுடைய சாஃப்ட்வேரில் ஷிப்ட் கீயை ரெண்டு தட்டு தட்ட வேண்டும்.

வம்பே அங்கேதான். கம்ப்யூட்டரிலேயே ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஷிப்டை ஒரு முறை தட்டிவிட்டு விரலை எடுத்தாலும் அழுத்திக்கொண்டே இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். ரெண்டு முறை தட்டினால் ஷிப்ட் அப்படியே பூட்டிக்கொள்ளும். தட்டுக்குத் தட்டு ஒரு டிங் வேறு.

யாரோ எட்டு மெஷினிலும் அதைப் போட்டு வைத்திருந்தார்கள். பேச்சை நிறுத்தப் போனால் ஷிப்ட் பூட்டிக்கொண்டு, இங்கிலீஷ் ரிப்போர்ட் முழுக்கப் பெரிய எழுத்தாகக் கொட்டியது. கம்ப்யூட்டர் உலகில் அப்படி அடித்தால் கத்துவதாக அர்த்தம். ஒரு டாக்டர் மேனேஜருக்கு போன் போட்டு, "உங்க ஆளுங்க ஏன் என்னைப் பார்த்துக் கத்தறாங்க?" என்று கேட்டேவிட்டாராம்.

சிஸ்டம்காரருக்கு இதெல்லாம் சப்பை வேலை. எட்டிலும் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மறுபடி போன். மறுபடி எட்டிலும் டிங்.

"எவனோ விளையாடறான்," என்றார் மேனேஜர். "ஆளை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பறேன்."

அன்றும் அணைத்துவிட்டு வந்த சிஸ்டம்காரர், மூன்றாம் நாள் ஆபீஸ் திறந்த கையோடு போய் நின்றார். உள்ளே ஒரே ஒரு ஆள். கடைசி மெஷினின் முன்னால் குனிந்துகொண்டிருந்தது வேறு யாருமில்லை, செக்‌ஷனுக்கே தலைவி.

அந்த அம்மா வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருடைய பேச்சு முடிந்தது. அதனால் ஆபீசில் வைத்த பெயர் 'முற்றுப்புள்ளி'. 'மெஷின் செட்டிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

"நல்லா இருக்கு மேடம்! எழுதி ஒட்டினதும் நீங்க, கை வைக்கிறதும் நீங்களா? மூணு நாளா என்னை நாயா அலைய விட்டீங்களே!"

அந்த அம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. அஞ்சாவது சீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா?"

"எப்பவும் ஒரு கையை மடியிலயே வெச்சிருப்பாரே, அவரா?"

"அவரா வெச்சிருக்கல. அது வராது. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்துட்டுப் போன வாரம்தான் வேலைக்கு வந்தார். ஒத்தைக் கையால ஷிப்டையும் எழுத்தையும் எப்படிச் சேர்த்து அமுக்கறது? யாரும் பார்க்காதப்போ குனிஞ்சு மோவாயால அமுக்கிட்டிருந்தார் தம்பி."

சிஸ்டம்காரரின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"அப்போ அவர் மெஷின்ல மட்டும் போட்டா போதுமே மேடம்?"

"போட்டேனே. எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை, யாரும் இரக்கப்பட வேணாம்னு அவரே அணைச்சுட்டார். இந்த மாசத்துக்குள்ள பழைய வேகம் வரலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். அந்த வீட்டுல சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான். அதான் எட்டுலயும் போட்டுட்டு, சிஸ்டம் கோளாறுன்னு கிளப்பிவிட்டேன். எல்லாருக்கும் வந்தா கோளாறு. அவருக்கு மட்டும் வந்தா..."

முற்றுப்புள்ளி என்று பெயர் வாங்கிய அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

"போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க," என்றார். "என் சீட்டைக் கிழிக்கட்டும்."

சிஸ்டம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் அந்த அம்மா போட்டிருந்த வசதியை அவர் தொடவில்லை. சாஃப்ட்வேரின் செட்டிங்கைத் திறந்து, பேச்சை நிறுத்தும் வேலையை ஷிப்டிடமிருந்து பிடுங்கி, மேல் வரிசையில் சும்மா கிடந்த ஒரு கீயிடம் கொடுத்தார். ஒரு விரல் போதும். எட்டு மெஷினிலும் அதையே செய்து முடிக்கும்போது ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"யாரும் விளையாடல சார்," என்று மேனேஜரிடம் சொன்னார். "ஒரே கீக்கு சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டரும் அடிச்சுக்கிச்சு. தீர்த்து வெச்சுட்டேன். இனிமே எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

வெளியே வரும்போது அஞ்சாவது சீட்டைப் பார்த்தார். ஒற்றைக் கை விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. "சனியன், இந்த டிங் மட்டும் நிக்கவே மாட்டேங்குதே!" என்று அந்த மனிதரும் எல்லாரோடும் சேர்ந்து அலுத்துக்கொண்டார். முகத்தில் மட்டும் அலுப்பே இல்லை.

ரெண்டாவது சீட்டுப் பெண்தான் இன்றைக்கும் எல்லாரையும்விட உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், இவளுக்காவது ஒரு நல்லது செய்வோமே என்று சிஸ்டம்காரர் நின்றார்.

"கொஞ்சம் நகரும்மா. அந்தச் சத்தத்தையும் நிறுத்திடறேன், ஒரு நிமிஷ வேலை."

அவள் சட்டென்று மவுஸைக் கையால் பொத்திக்கொண்டாள். அஞ்சாவது சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயையோ, வேணாம் சார். சத்தம் இருந்தாத்தான் நாங்க ஏழு பேரும் திட்ட முடியும். நாங்க திட்டினாத்தான் அண்ணன் நிம்மதியா அடிப்பார்."