பருந்து ஸ்டிக்கர்

"ரெண்டு மாசமா ஒண்ணுகூடச் சாகலையா? அறிக்கையை அனுப்பிடும்மா. எல்லாக் கட்டடத்துலயும் இதையே ஒட்டிடலாம்" என்றார் பேராசிரியர் போனில்.

பறவை ஆராய்ச்சிக்காரிக்கு மனசு ஒப்பவில்லை. முதல் நாள் காலை ஆறு மணிக்கு வந்தபோது, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் மோதி ஒன்பது பறவைகள் செத்துக் கிடந்தன. மறுநாள் பறவைகள் பயந்து விலகட்டும் என்று கண்ணாடியில் பருந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அன்றிலிருந்து பூஜ்யம். அவ்வளவு சுலபமா?

சோதித்துப் பார்க்க, ஆய்வகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த செத்த குருவி ஒன்றைச் சாயங்காலம் சுவரோரம் போட்டுவிட்டுப் போனாள். காலையில் காணோம்.

வாசல் பெருக்கும் அக்காவிடம் கேட்டாள்: "இங்க பூனை கீனை வருதாக்கா?"

"நான் இருக்கிறப்பவா? கிட்ட விட்ருவேனா!"

"அப்போ நேத்துக் கிடந்த குருவி எங்க?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அதைப் பாத்துட்டியா? முதல் நாள் ஒவ்வொண்ணா கையில எடுத்து வச்சுக்கிட்டு அழுதியே, எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. அதான் தினமும் அஞ்சு மணிக்கே வந்து, நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துப் புதைச்சிடறேன். இன்னைக்குப் பதினொண்ணு... அய்யோ, மறுபடியும் அழறியே!"