காலி ஃபோல்டர்

"ஃபோல்டர் காலியா இருக்குண்ணே. நேத்தும் இப்படித்தான்." போனில் பேசிய மலர்கொடியின் குரல் நடுங்கியது.

தஞ்சாவூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் ஆராய்ச்சி மாணவி. மறுமுனையில் தியாகு. அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்து, அவளுக்கு முதல் கமாண்டைச் சொல்லித் தந்துவிட்டு, வேறு வேலைக்குப் போன சீனியர்.

பக்கத்து நாற்காலியில் காயாரோகணம் உட்கார்ந்திருந்தார். நாகப்பட்டினம் பக்கம் அவருடைய ஊர் வயல்களை வளைத்துப்போட்ட இறால் பண்ணை, இப்போது குடிநீர்க் குளத்திலும் கழிவைத் திறந்துவிட்டிருந்தது. பேத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

குளத்தில் இருந்த கிருமியும் பண்ணையில் இருந்த கிருமியும் ஒன்றுதானா? மரபணுக்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய ரிசல்ட்தான் காணவில்லை. மதியம் கலெக்டர் விசாரணை.

"டிஸ்க் ஃபுல்லா இருக்கும்மா."

"பாதிக்கு மேல காலியா இருக்குண்ணே."

"வேற ஃபோல்டர்ல போய் விழுந்திருக்கும்."

"முழுக்கத் தேடிட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு லாக் பதிவுல இருக்கு. ஃபைலத்தான் காணோம்."

போனில் தியாகுவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"காப்பி ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கியா?" அவன் மெதுவாகக் கேட்டான்.

"பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. இந்த மெஷின்ல அது ஒண்ணுதான் மிச்சம்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு தியாகு யாரிடமோ முணுமுணுப்பது கேட்டது.

"நல்லதாப் போச்சு. நான் சொல்ற கமாண்டை அடி. எல்லாம் திரும்பி வந்துடும்."

"எழுத்து எழுத்தாச் சொல்லுங்கண்ணே," என்றாள், வருஷக்கணக்காக அந்தக் கறுப்புத் திரையிலேயே வேலை பார்த்தவள்.

"ஆர், எம். இடம் விடு. ஒரு சின்னக் கோடு, ஆர், எஃப். மறுபடி இடம் விட்டு, பேக்கப்னு அடி. என்டர் தட்டு."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. காயாரோகணம் கண்களை மூடிக்கொண்டார்.

"இப்ப பேக்கப் இருக்கா பாரு."

"இல்லண்ணே. அதுவும் போச்சு."

"முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்த குரல் கேட்டது. தியாகு அவசரமாகத் தொண்டையைச் செருமினான்.

"விடும்மா. ரிசல்ட் வரலன்னு விசாரணைல சொல்லிடு. நீ சின்னப் பொண்ணு, பெரிய எடத்து வம்பு உனக்கெதுக்கு?"

மலர்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் இப்போது நடுங்கவில்லை.

"ஆர்.எம்.னா அழிக்கிற கமாண்டுன்னு எனக்குத் தெரியும்ணே. ரிசல்ட் வேற மெஷின்லேர்ந்து காலையிலேயே கலெக்டர் கைக்குப் போயிடுச்சு. அழிக்கிறது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."