கையை வெளியே எடுக்காதே

“கையை மட்டும் வெளியே எடுத்தே, தொலைஞ்சோம். இப்பவே சொல்லிட்டேன்.”

துணி ஆலையின் வாசலில் நின்று அண்ணன் தங்கையை மிரட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் திணித்தாள். காவலாளி இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே?

திருட்டு விஷயமெல்லாம் ஒன்றுமில்லை. தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேசுவதெல்லாம் கையால்தான். ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் மாட்டாள், அதனால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

தறி ஓட்டும் பயிற்சியில் முதலாவதாக வந்தவள். ஆனால் போன ஆலையிலெல்லாம், “காது கேக்காதா? சொல்லி அனுப்புறோம்” என்றார்களே தவிர, ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இதையும் விட்டால் பக்கத்தில் வேறு ஆலை கிடையாது. அதனால்தான் இந்தத் தடவை அந்த விஷயத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தான். பேச வேண்டியதை அவன் பார்த்துக்கொள்வான். கடை கடையாகப் போய் மைக் பிடித்து விளம்பரம் சொல்கிறவன், பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவன், அவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?

வாசலோரம் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் வாயே திறக்காமல் கையை வீசி வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன கோபமோ என்று நினைத்தபடி அண்ணன் தங்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

மேனேஜரம்மா தலையைக் காகிதத்தில் கவிழ்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். உதடு தெரிந்தாலாவது வாயாடி ஏதோ பிடித்துக்கொள்வாள். இப்போது அதற்கும் வழியில்லை. மேசைக்கடியில் அண்ணன் காலை மிதித்தால் தலையாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

பெயரைக் கேட்டார், அண்ணன் சொன்னான். படிப்பைக் கேட்டார், அதையும் அவனே சொன்னான்.

“நைட் ஷிப்ட்ல தூங்கிடுவீங்களா?”

பதற்றத்தில் அண்ணனின் கால் தானாக அழுந்திவிட்டது. வாயாடி அழகாகச் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜரம்மா நிமிர வேண்டும்.

“தூங்குறவங்களை எழுப்பி விடுவேன்னு சொல்றா மேடம்,” என்று அண்ணன் சமாளித்தான்.

“எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொன்னா எப்படி? அவங்க பேசவே மாட்டாங்களா?”

“கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம்.”

“தறிக்கூடத்துல கூச்சப்பட்டா வேலை நடக்காது. உள்ளே மேஸ்திரி இருக்காரு, அவர் பேசிப் பார்க்கட்டும். அவருக்குச் சரின்னா எனக்கும் சரி.”

தங்கையின் கைகள் பாக்கெட்டுக்குள்தான் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு அண்ணன் எழுந்தான்.

தறிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் காதில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. “சார், என் தங்கச்சி கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று அண்ணன் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மேஸ்திரி அவனைப் பார்த்துக் கையை மடக்கி, நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணன் இன்னும் பலமாகக் கத்தினான். மேஸ்திரி வேறு விதமாகக் கையை ஆட்டிப் பார்த்தார். அண்ணன் தன் கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். வீட்டுப் பழக்கத்தில் கை ஏதாவது உளறி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

மேஸ்திரி அவனை விட்டுவிட்டு வாயாடியின் பக்கம் திரும்பினார். ஓடும் தறியைக் காட்டி, இரண்டு விரல்களை வெட்டிப் பிரித்து, புருவத்தை உயர்த்தினார். இழை அறுந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறாராம்.

வாயாடியின் கைகள் பாக்கெட்டிலிருந்து பாய்ந்து வெளியே வந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது அவள் ஒரு தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டு ஓட விட்டிருந்தாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையை விரித்தாள். படுபாவி, சொல்லியே விட்டாள். மேஸ்திரியோ தன் காதில் அடைத்திருந்த பஞ்சைக் காட்டி, அதே மாதிரி கையை விரித்தார்.

கோடித் தறியில் நின்ற பெண் அங்கிருந்தே கையால் ஏதோ கேட்டாள். வாயாடி சொன்ன பதிலுக்கு அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது. இவள் சைகை வேறு, அவர்கள் சைகை வேறு. இரண்டொரு இடத்தில் தடுக்கினாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் பார்த்தது சண்டையே இல்லை என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சத்தத்தில் இங்கே எல்லாருமே கையால்தான் பேசுகிறார்கள். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

மூன்று பேரும் மேனேஜரம்மா அறைக்குத் திரும்பினார்கள்.

“என்ன மேஸ்திரி, பேசினாங்களா?”

மேஸ்திரி காதுப் பஞ்சை உருவிவிட்டு, பழக்கதோஷத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “பேசினாங்களாவா? அரட்டைன்னா அப்படி ஒரு அரட்டை. முடிச்சும் சுத்தமாப் போடுது. காது கேக்காதாம், உள்ளே கேட்டு என்னம்மா ஆகப்போகுது? நாளைக்கே வரட்டும்.”

அண்ணன் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. மேஸ்திரி அவசரமாக அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“கூட வந்த இந்தத் தம்பியைப் பார்த்தாத்தாம்மா பாவமா இருக்கு, பேச்சே வராது போல.”