தோல் வெட்டும் பட்டம்

பேராசிரியர் ஹரி மூக்கைப் பொத்தியது விரலாலா கைக்குட்டையாலா, எனக்குச் சரியாக நினைவில்லை. தாராவியில், கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறைக்கு ஒரு மாணவியோடு வந்திருந்தார்.

"பாய், இந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் தொழில் பழக்குங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் டிகிரி."

"வீட்டுலயே வேல படிச்ச பிள்ளைன்னா?"

"வீட்டுல படிச்சதெல்லாம் செல்லாது. சொந்தக்காரங்க பட்டறையும் கூடாது."

கரீம் பாட்சா அவளிடம் கத்தியை நீட்டினார். அவள் அளவுகோலைத் தொடாமலே தோலை நேராக வெட்டினாள்.

"பாத்தீங்களா? மூணு வருஷம் நாங்க நடத்துன பாடம்!" ஹரி பூரித்தார்.

"நீங்களா கிழிச்சிய?" என்று கேட்க கரீம் பாட்சா வாயைத் திறந்தார்.

"வாப்பா, சும்மா இருங்க," என்றாள் அவள், ஹரி காதில் விழாமல்.

ஆறு மாதம் கழித்து அவர் கையெழுத்துப் போட்டார். மகள் சஃபீனா பட்டம் வாங்கினாள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததற்காக ஹரி துறைத் தலைவரானார்.